ஓரங்க நாடகத்தில் ரகசியத்தை எங்கே ஒளிப்பது

ரங்கூனில் கோயில் விழாவுக்கு நான் எழுதிய முதல் ஓரங்க நாடகத்தில், கடைசியில் ஐயா எழுந்து நின்று குடும்ப ரகசியம் முழுவதையும் ஐந்து நிமிடம் பேசித் தீர்ப்பார். அவர் முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் ரகசியத்தை யார் வாயிலும் வைக்காதீர்கள்.

பாட்டில் வையுங்கள். நம் தாலாட்டு இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. யார் அடித்து அழுகிறாய் என்று மாமன், பாட்டி, அத்தை என ஒவ்வொரு உறவாகக் கேட்டுக்கொண்டு வருமே, அதில் அப்பத்தா ஒரே ஓர் உறவை மட்டும் தாண்டிப் போகட்டும். பர்மியரைக் கட்டிக்கொண்டதால் தலைமுழுகிவிட்ட மகள் அவள்; தொட்டிலில் கிடக்கும் பேரனுக்கு அத்தை. விவரம் தெரியாத மருமகள் கேட்கிறாள்:

“அத்தே, அத்தை வரியை விட்டுட்டீங்களே?”

“மறந்துபோச்சு. மழை வருது, நீ போய்த் துணியை எடு.”

அவள் திரும்பி வரும்வரை மேடையில் ஒருவரும் பேசக் கூடாது. அந்த மௌனத்துக்குப் பயந்து புல்லாங்குழலை நுழைக்காதீர்கள், தகரக்கூரையில் மழைச் சத்தம் போதும் (திரைக்குப் பின்னால் முறத்தில் அரிசியைச் சரித்தாலே வந்துவிடும்).

அப்புறம் நாள். ஒரே இடம், ஒரே பொழுது, அரை மணி நேரம் என்றால், மூடிவைத்ததைத் திறந்தே ஆகவேண்டிய நாளாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது 1964 மே 17, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று பர்மாவின் நே வின் ராணுவ அரசு அறிவித்த சமயம். ஐயா வேறு வழியில்லாமல் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே நூறு கியாட் கட்டு, அதைச் சுற்றி மகளின் சிவப்பு ரிப்பன். அப்பத்தா ரிப்பனைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியை அவளே மூடுகிறாள். வசனம் கிடையாது.

அதே வருடம் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, சனம் மெட்ராஸுக்குக் கப்பலேறியது எல்லாவற்றையும் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். “கடைச் சாவி இன்னும் எதுக்கு இடுப்புல?” என்று ஒரு வரி வந்தால் சரி.

வசனத்தைச் சின்னதாக எழுதுங்கள். எங்கள் பையன்களில் பாதிப்பேர் அதைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்தார்கள், நீளமான வாக்கியம் மூச்சை வாங்கிவிடும்.

முடிவில் அப்பத்தா மறுபடி பாடுவாள். அத்தை வரியைப் பாட வைத்தால் கைதட்டல் உண்டு. நான் வைக்கவில்லை, அந்த இடம் வந்ததும் தொட்டிலை ஆட்டும் கை நின்றது, விளக்கை அணைத்தேன். இருட்டில் பின்வரிசையிலிருந்து யாரோ ஓர் அம்மா அந்த வரியை முணுமுணுத்தார்.