ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை எழுந்தால்: படிப்படியாக என்ன செய்வது

முதல் குழந்தை பிறந்து பத்து நாள் இருக்கும். நடுராத்திரியில் டயப்பரை முன்பின் மாற்றிப் போட்டுவிட்டு, இது ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது என்று இருட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பகலில் அதே வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற ஆள்தான். அந்த நேரத்தில் மூளை லீவு போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் யோசிக்க வேண்டியதையெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே யோசித்து முடித்துவிட்டு, ராத்திரிக்குக் கைப்பழக்கத்தை மட்டும் மிச்சம் வைப்பது என்று முடிவு செய்தோம். அந்த வரிசைதான் கீழே இருப்பது.

முதல் மூன்று மாதத்துக்கு இது பொருந்தும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைவான குழந்தை என்றால் டாக்டர் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள், இதை அல்ல.

படி 1: சாயந்தரமே தட்டு தயார்

ஒரு தட்டிலோ கூடையிலோ நான்கு டயப்பர், ஈரத் துடைப்பான், மூன்று பருத்தித் துணி, இரண்டு மாற்று உடை, அம்மாவுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். பால் கொடுக்க உட்கார்ந்ததும் தொண்டை வறளும், அப்போது எழுந்து போக முடியாது. விளக்கு மங்கலாக, மஞ்சளாக, குழந்தையின் கண்ணுக்கு நேராக வராத இடத்தில் இருக்கட்டும்.

உடை வாங்கும்போதே ஜிப் வைத்ததாகப் பாருங்கள். அழுத்துப் பொத்தான் வைத்த உடை பார்க்க அழகுதான். உதைக்கிற காலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கடைசிப் பொத்தான் வரை போட்டு முடித்தால், ஒரு பொத்தானுக்கு ஜோடி இருக்காது. மறுபடி முதலிலிருந்து. எங்கள் வீட்டில் அந்த உடைகளெல்லாம் பகலுக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டன.

படி 2: யாருக்கு எந்த நேரம்

இருவரும் ராத்திரி முழுக்க அரைத்தூக்கத்தில் கிடந்தால் காலையில் இருவருமே உருப்பட மாட்டீர்கள். ஒன்பதிலிருந்து இரண்டு ஒருவர், இரண்டிலிருந்து ஏழு மற்றவர். தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வீட்டில் இது நடக்காது என்பார்கள். நடக்கும். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே அப்பா செய்யக்கூடிய வேலைதான்: குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பது, டயப்பர், ஏப்பம், கிடத்துவது. பால் கொடுத்து முடித்ததும் என் மனைவி கண்ணைத் திறக்காமலே, "ஏங்க, பிடிங்க" என்பாள். "நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தூங்கியும் விடுவாள்.

படி 3: சத்தம் கேட்டதும் ஓடாதீர்கள்

பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கனவுத் தூக்கம். அப்போது முனகும், முகத்தைச் சுளிக்கும், கையை உதறும், ஒரு வினாடி வீல் என்றுகூடக் கத்தும். கண் மூடியே இருக்கும். நாம் பதறிப்போய்த் தூக்கினால், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை நாமே எழுப்பிவிட்டதாக ஆகும். நான் முப்பது எண்ணுவேன். சத்தம் ஏறிக்கொண்டே போனால் எழுவேன். இறங்கினால் தலையணையில் மறுபடி சாய்ந்துகொள்வேன். முதல் ஒரு மாதம் நாங்கள் எழுப்பிக் கெடுத்த தூக்கம் எத்தனை என்று இப்போது நினைத்தாலும் வயிற்றெரிச்சல்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை கொஞ்சம் இறங்கும், பிறகு இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். அந்த எடை திரும்பும்வரை, தூங்குகிறதே என்று விட்டுவிடாமல், டாக்டர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும்.

படி 4: பசி அடையாளம்

வாயைத் திறந்து பக்கவாட்டில் தேடுவது, நாக்கை நீட்டுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது. இதெல்லாம் முதலில் வரும். அழுகை கடைசியில்தான் வரும், அது வந்துவிட்டால் மார்பில் பொருத்துவதே பெரிய பாடு. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும் என்பதால், "இப்போதுதானே குடித்தது" என்ற கணக்கு இங்கே எடுபடாது.

படி 5: ஒரு பக்கம், டயப்பர், மறு பக்கம்

முதலில் டயப்பர் மாற்றினால் பசியில் ஊரைக் கூட்டும். பால் எல்லாம் கொடுத்து முடித்து மாற்றினால், தூங்கிய குழந்தை முழித்துக்கொள்ளும். அதனால் ஒரு மார்பில் குடித்து முடித்ததும் டயப்பர், பிறகு மறு மார்பு. டயப்பர் மாற்றுவதில் வரும் லேசான விழிப்பு, இரண்டாவது பக்கம் ஒழுங்காகக் குடிக்க உதவும். புட்டிப்பால் என்றால் பாதி புட்டியில் இந்த இடைவேளை.

வெறும் ஈரம், தோல் சிவக்கவில்லை என்றால் ராத்திரி ஒருமுறை விட்டுவிடலாம். மலம் போயிருந்தால் உடனே மாற்றியாக வேண்டும். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும். ஆண் குழந்தைக்கு டயப்பரை ஒட்டுவதற்கு முன் குறி கீழ்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இடுப்புப் பக்கமாக ஊற்று கிளம்பும். தொப்புள் கொடி விழும்வரை டயப்பரின் மேல்விளிம்பைக் கீழே மடித்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் தொடையைச் சுற்றியிருக்கும் சுருக்கத்தை விரலால் வெளியே இழுத்துவிடுங்கள். அது உள்ளே மடங்கிக் கிடந்தால் எவ்வளவு நல்ல டயப்பரும் ஒழுகும்.

பவுடர் பால் கலக்கும் முறையையும் பகலிலேயே பழகிக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்த தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கும்போதே பவுடரைக் கலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பவுடரில் இருக்கக்கூடிய கிருமி அந்தச் சூட்டில்தான் சாகும். பிறகு ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கொட்டிவிடுங்கள். குடித்து மிச்சம் வைத்ததையும்தான்.

முக்கியமான ஒன்று: சோபாவில் சாய்ந்து பால் கொடுக்காதீர்கள். அப்படியே கண் அசந்துவிட்டால் குழந்தை உங்கள் உடம்புக்கும் குஷனுக்கும் நடுவே நழுவிவிடும். பெற்றோர் குழந்தையோடு தூங்கிப்போகும் இடங்களில் மிக ஆபத்தானது இதுதான். தூக்கம் தள்ளுகிறது என்று தெரிந்தால், தலையணை போர்வையெல்லாம் ஒதுக்கிய கட்டிலில் கொடுப்பது எவ்வளவோ மேல். விழித்ததும் குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 6: ஏப்பம்

தோளில் சாய்த்து, அல்லது மடியில் உட்காரவைத்துத் தாடையைக் கையால் தாங்கி, முதுகைத் தடவிக்கொடுங்கள், மெல்லத் தட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், சில குழந்தைக்கு வராது. தோளில் துணி போட்டுக்கொள்ளும்போது முதுகுப் பக்கமும் நீளமாகத் தொங்கவிடுங்கள். கக்கிய பால் சட்டைக்குள் வழிந்து இடுப்பில் போய் நிற்கும் அனுபவம் ஒருமுறை போதும்.

படி 7: கிடத்துவது

இதில்தான் எல்லோரும் தோற்பது. தோளில் சொக்கிக் கிடக்கும் குழந்தை, தொட்டிலில் வைத்ததும் பட்டென்று கண்ணைத் திறக்கும். மெத்தை சில்லென்று இருக்கிறது என்று நினைத்து நான் அதைச் சூடாக்கிக்கூடப் பார்த்திருக்கிறேன். பலனில்லை.

ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடாவின் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்துகொண்டே தூக்கவும் கிடத்தவும் சொல்லிப் பார்த்தார்கள். முதுகு மெத்தையைத் தொடும்போது அல்ல, அம்மாவின் உடம்பைவிட்டு விலகத் தொடங்கும்போதே குழந்தை விழிப்புக்கு வந்துவிடுகிறது. அவர்கள் பரிந்துரைத்தது: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நிற்காமல் ஐந்து நிமிடம் நடங்கள். தூங்கியதும் அப்படியே அணைத்துக்கொண்டு ஐந்திலிருந்து எட்டு நிமிடம் உட்காருங்கள். அதற்குப் பிறகு கிடத்துங்கள்.

அந்த எட்டு நிமிடம்தான் கொடுமை. நமக்கோ உடனே போய்ப் படுக்க வேண்டும். ஆனால் அதில் கஞ்சத்தனம் பண்ணினால் மறுபடி நடக்கத் தொடங்க வேண்டியதுதான். நான் ஒரு சோதனை வைத்திருந்தேன். குழந்தையின் கையை ஒரு விரலால் தூக்கி விடுவேன். தொப்பென்று விழுந்தால் தயார். விரலை இறுக்கிப் பிடித்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

கிடத்தும்போது குழந்தையை உங்கள் நெஞ்சிலிருந்து பிரித்துக் கீழே இறக்காதீர்கள், நீங்களே குழந்தையோடு சேர்ந்து குனியுங்கள். கால், புட்டம், முதுகு, கடைசியில் தலை. தலை முதலில் சரிந்தால் விழுவதுபோல் உணர்ந்து இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடும், அது பிறவி அனிச்சை. தலைக்கு அடியிலிருந்து கையை மெல்ல உருவிய பிறகும், இன்னொரு கை நெஞ்சில் கொஞ்ச நேரம் கிடக்கட்டும்.

எப்போதும் மல்லாக்கத்தான். குப்புறப் படுத்தால் நன்றாகத் தூங்குகிறதே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி இயக்கம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மல்லாக்கப் படுத்தால் கக்கியது மூச்சுக்குழலுக்குள் போய்விடுமோ என்று எனக்கும் பயம் இருந்தது. அந்த நிலையில் மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே இருப்பதால், கக்கியது அதற்குள் ஏறிப்போவதுதான் கஷ்டம். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தொட்டிலில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். துணியில் சுற்றித் தூங்கவைக்கும் வழக்கம் இருந்தால் இடுப்பும் காலும் அசையும்படி தளர்த்திச் சுற்றுங்கள், புரளும் அறிகுறி தெரிந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.

படி 8: எதுவும் எடுபடாத ராத்திரி

குடித்தாயிற்று, டயப்பர் காய்ந்திருக்கிறது, ஏப்பம் வந்தாயிற்று, ஆனாலும் அழுகை. இது உங்கள் தப்பில்லை. குழந்தையின் அழுகை இரண்டாவது வாரத்துக்குப் பிறகு ஏறி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1962-லேயே இதைக் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார். எங்களுக்கு ஐந்தாவது வாரம் மோசம், ஆறாவது படுமோசம்.

கை நடுங்குகிறது, கோபம் தலைக்கு ஏறுகிறது என்றால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள். ஐந்து, பத்து நிமிடம். முகம் கழுவுங்கள், மற்றவரை எழுப்புங்கள். பத்திரமான தொட்டிலில் பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு வரும், உயிரே போகலாம். நான் இரண்டு முறை அப்படி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை.

காலை வரை காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை நிறத்தில் வாந்தி, மூச்சுத் திணறல், துவண்டு கிடப்பது, பால் குடிக்கவே மறுப்பது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம். வயது ஐந்து நாளைத் தாண்டிய குழந்தை ஒரு நாளில் ஆறு டயப்பராவது நனைக்க வேண்டும், அது குறைந்தாலும் கேளுங்கள்.

படி 9: ஒரு வரி எழுதுங்கள்

இதற்குச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் போனைத் திறந்தால் வெளிச்சம், வெளிச்சத்துக்குப் பின்னால் இருபது மெசேஜ், அப்புறம் நமக்குத் தூக்கம் ஏது. ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில் போதும். நேரம், எந்தப் பக்கம், டயப்பரில் என்ன. அடுத்து எழுபவருக்கு அது போதும். ஆறாவது வாரத்தில் ஒரு ராத்திரி, கோணல் மாணலாக என் கையெழுத்தில் இருப்பது இது:

"2.10 இடது. ஈரம். ஏப்பம் இல்லை. 3.05 தூங்கிவிட்டான். 3.20 தூங்கவில்லை. 3.50"

அதோடு பென்சில் கோடு பக்கத்தின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.