மச்சா, மெனியா: என் தயக்கம் தீர்ந்த விதம்

ஆங்கிலத்தில் எழுதும்போது 'மச்' வருமா 'மெனி' வருமா என்று தயங்கிய எனக்கு, விதிகளை மனப்பாடம் செய்ததைவிட, கற்போருக்கான அகராதிகளில் பெயர்ச்சொல்லை அடுத்து நிற்கும் 'சி', 'யு' என்னும் குறிகளைப் பார்க்கும் பழக்கமே கைகொடுத்தது. 'சி' என்றால் எண்ணத்தக்கது. மெனி, ஃபியூ, ஃபியூவர் ஆகியவை அதனுடன் சேரும். 'யு' என்றால் எண்ணப்படாதது. அதற்கு மச், லிட்டில், லெஸ் ஆகியவை உரியவை.

தண்ணீரும் மணலும் எனக்குத் தொல்லை தரவில்லை. தமிழில் நாம் தாராளமாகப் பன்மையாக்கும் தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் ஆகியவையே தந்தன. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட் ஆகியவை ஆங்கிலத்தில் எண்ணப்படாதவை என்பதால், அவற்றின் ஈற்றில் 'எஸ்' சேர்க்காமல், எண்ணிக்கை வேண்டுமிடத்தில் 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்பதுபோல் அமைக்கிறேன். சில சொற்களுக்கு இரு குறிகளும் உண்டு: 'பேப்பர்' வெறும் தாளைக் குறித்தால் எண்ணப்படாது, செய்தித்தாளைக் குறித்தால் எண்ணப்படும்.

'எ ஃபியூ' என்பதில் 'எ' விடுபட்டால், 'சில உண்டு' என்னும் பொருள் 'மிகச் சிலவே' என்று சுருங்கிவிடும். 'எ லிட்டில்' என்பதும் அவ்வாறே.

தொலைவையும் காலத்தையும் பணத்தையும் தனித்தனியாக எண்ணாமல் ஒரு மொத்த அளவாகக் கொள்வதால், 'லெஸ் தேன் டென் மைல்ஸ்' என்பதே இயல்பு. அதனை 'ஃபியூவர்' என்று திருத்துவோரின் கண்டிப்பு எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது.