கன்று இல்லாத பசுவைச் சுரக்க வைப்பது எப்படி?

பி.எட். பரீட்சையில், ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆக்கநிலையிறுத்தம் (தீனியோடு சேர்ந்தே வரும் சத்தத்துக்கு உடம்பு பழகிப்போவது) பற்றிய கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான். நாய், மணி, உமிழ்நீர் என்று படம்கூடப் போட்டேன். அது விளங்கியதென்னவோ பல வருஷம் கழித்து, மேலூர்ப் பக்கம் எங்கள் மாட்டுக்கொட்டத்தில், கன்று செத்த செவலையின் மடிக்குக் கீழே வாளியோடு உட்கார்ந்திருந்தபோதுதான்.

மடி கனத்துக் கிடந்தது. காம்பைப் பிடித்தால் நாலு பீச்சு, அதோடு நின்றுவிடும். "கன்னு போன மாடு அடக்கத்தான் செய்யும். சந்தையில தள்ளிவிட்ரு ஆத்தா" என்றார் பக்கத்து வீட்டு அப்பத்தா. தோலில் வைக்கோல் திணித்துக் கன்று செய்து நிறுத்தலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொருவர் ஊசி போடச் சொன்னார். அது ஆக்ஸிடோசின், பாலை இறங்க வைக்கும் ஹார்மோன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து; தினமும் போட்டுப் பழக்கினால் பிறகு ஊசி இல்லாமல் மாடு சுரக்காது. அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தச் சுரப்பு மாட்டின் தலைக்குள்ளேயே இருக்கிறது.

கன்று முட்டும்போது மடியின் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசினை ரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து பால் இறங்க ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும். ஐந்தாறு நிமிஷத்தில் வேகம் தணிந்துவிடும். இதை மாட்டுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வாளிச் சத்தம் கேட்டதுமே காம்பில் பால் சொட்டுகிறதே, அது பழகிக்கொண்டது. பாவ்லோவ் நாயிடம் பார்த்ததும் இதையேதான். அவர் ஆராய்ந்தது செரிமானத்தை, 1904-இல் நோபல் பரிசு வாங்கியதும் அதற்குத்தான். தீனி கண்ணில் படும் முன்பே நாய் எச்சில் ஊறுவதைக் கண்டுதான் இந்தப் பக்கம் திரும்பினார்.

பாவ்லோவ் என்றால் மணிதானே என்று மதுரைக்குப் போய் ஒரு வெண்கல மணி வாங்கி வந்து ஆட்டினேன். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மணி என்ன தெரியும்? அப்புறம்தான் யோசித்தேன். கன்றைக் குடிக்க விடும் நேரத்தில் மட்டும், காலையும் மாலையும், ஒரு சத்தம் வரும்: கன்றை அவிழ்க்கும்போது முளைக்குச்சியில் சங்கிலி விழும் சத்தம். அடுத்த நொடி மடியில் முட்டு. இப்படி மாடு ஏற்கெனவே அறிந்த சத்தம் எது என்று உங்கள் கொட்டத்தில் முதலில் தேடுங்கள். புதுச் சத்தத்தைப் பழக்கவும் முடியும், நாள் கூடப் பிடிக்கும்.

பிறகு வரிசைதான் முக்கியம். முதலில் சங்கிலியைக் குலுக்குங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் பருத்திக்கொட்டையும் தவிடும் கலந்த தொட்டியை முன்னால் தள்ளிவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மடியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள், கன்று முட்டுவது மாதிரியே கீழிருந்து மேலாக. தீனியை வைத்துவிட்டுச் சங்கிலியை ஆட்டினால் பிரயோஜனமில்லை. மாடு தொட்டியைத்தான் கவனிக்கும். காம்பு விறைத்ததும் கறக்க உட்காருங்கள், நடுவில் எழுந்திருக்காதீர்கள். முதல் நாலு நாள் எனக்கு அரை லிட்டர் தேறவில்லை. இரண்டாவது வாரம் சங்கிலிச் சத்தத்துக்கே பால் கசிந்தது.

அங்கேதான் கெட்டது. கொழுந்தனார் மகன் லீவுக்கு வந்தவன், சங்கிலியை இழுத்துக்கொண்டு பகலெல்லாம் வண்டி ஓட்டினான். முதல் மதியம் பால் தரையில் சொட்டியது. சத்தம் வருகிறது, தீனியும் இல்லை, தேய்ப்பும் இல்லை. நாலைந்து நாளில் செவலைக்கு அந்தச் சத்தம் வெறும் சத்தமாகிப்போனது. அவனைத் திட்டிப் பயனில்லை, சங்கிலியைப் பரணில் போட்டேன். இரண்டு நாள் விட்டுக் குலுக்கியதும் கொஞ்சம் கசிந்தது! அணைந்த பழக்கம் ஓய்வுக்குப் பின் தானாகத் தலைதூக்கும் என்று நான் உருப்போட்டு எழுதிய பாடம். அந்த நேரத்தில் விடாமல் தீனியோடு சேர்த்தால் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

உதைக்கிற மாடாக இருந்தால் கணக்கு வேறு. உதைத்ததும் நீங்கள் எழுந்து விலகினால், உதைத்தால் இவள் போய்விடுவாள் என்று அது கற்றுக்கொள்ளும். 1898-இல் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைப் பெட்டியில் அடைத்துப் பார்த்தது இதைத்தான்: பலன் தந்த செயல் மறுபடி வரும். அதனால் காலை அசைக்கும்போது கையை எடுக்காமல் நிதானமாக இருந்து, அது நின்ற பிறகு எழுந்திருங்கள். காம்பில் வெடிப்போ மடிநோயோ இருந்தால் மட்டும் முதலில் கால்நடை மருத்துவர். வலியைப் பழக்கத்தால் தீர்க்க முடியாது.

அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். 1941-இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மாட்டின் முதுகில் பூனையை விட்டு, காகிதப்பை வெடித்து மிரட்டிப் பார்த்தார்கள்; பால் அடங்கிவிட்டது. மிரட்சியில் சுரக்கும் அட்ரினலின் ஆக்ஸிடோசினுக்கு வழிமறிக்கும். எங்களுக்குப் பூனை தேவைப்படவில்லை. முளைப்பாரி அன்று வேட்டுப் போட்டார்கள், அன்றைக்குச் சொசைட்டிக்கு ஊற்றியது பாதிகூட இல்லை.

சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டே அலைய முடியாது என்பவர்கள், அதைக் குலுக்கும் முன் "வாடியம்மா" என்று ஒரே குரலில் சொல்லி வாருங்கள். கொஞ்ச நாளில் குரலே போதும். அடுத்த ஈத்துக் கன்றை நான் கயிற்றில்தான் கட்டியிருக்கிறேன். சங்கிலி பரணில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.