கூட்டு மனுவில் கையெழுத்துப் போடும் முன்: மனை உரிமையாளர் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு புது மனைப்பிரிவிலிருந்து இரண்டு தம்பிகள் ஓசூருக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். சங்கம் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறதாம். ஃபைலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது புத்தம் புது லெட்டர் பேடு. மூன்று தாளில் ஒரு எழுத்து இல்லை. கீழே மட்டும் செயலாளர் கையெழுத்து, ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப்.

"இது எதுக்கு தம்பி?"

"புரமோட்டர்ஸ் சங்கத்துல கூட்டு மனு கொடுக்குறாங்கண்ணா. அவங்களே டைப் பண்ணிக்கிறோம்னாங்க. ரெண்டு தாள் கொடுத்துட்டோம், இன்னும் மூணு கேட்டாங்க."

புரமோட்டர்ஸ் என்றால் நிலத்தை மனையாகப் பிரித்து விற்பவர்கள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மனை உரிமையாளர் சங்கத்தில் செயலாளராக இருந்தபோது இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். கணக்கு எழுதுங்கள், சந்தாவுக்கு ரசீது போடுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. வீட்டுவசதி விஷயத்தில் அரசிடம் ஏதாவது மாற்றம் கேட்டு இன்னொரு அமைப்போடு கை கோக்கும்போது எங்கே சறுக்குகிறோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

## வெற்றுத் தாளில் கையெழுத்து

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் வந்தன. வந்த கையோடு எல்லாத் தரப்பும் திருத்தம் கேட்டு மனு எழுத ஆரம்பித்தது. எங்களுக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. உறுப்பினர்களில் பாதிப் பேர் அங்கீகாரமில்லாத பஞ்சாயத்து மனை வாங்கியவர்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்ய, அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகரிக்க, 2017-இல் விதி வந்திருந்தது. அதில் சின்ன மனைக்காரர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கை. நாங்கள் மட்டும் போனால் யார் மதிப்பார்கள்? மனை போட்டு விற்கும் ஓர் அமைப்பு, "சேர்ந்தே போகலாம் சார், எங்களுக்குச் சென்னையில் ஆள் இருக்கிறார்கள்" என்றது. சரி என்றோம். லெட்டர் பேடில் இரண்டு தாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனு போனது. நகல் கேட்டேன், தருகிறோம் என்றார்கள். நானும் மறந்துவிட்டேன்.

எங்கள் உறுப்பினர்கள் சிலர் வீடு கட்டியிருக்கும் அப்ரூவல் மனைப்பிரிவு ஒன்று, ஏறக்குறைய ஐந்து ஏக்கர். அதில் பூங்காவுக்கென்று தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த இடத்தில் ஒருநாள் ஜல்லி கொட்டினார்கள். அடுத்த வாரம் தகரக் கொட்டகை எழும்பியது. இடத்தை மீட்டுக் கொடுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் போய் நின்றோம். அங்கிருந்தவர் ஃபைலைப் புரட்டி ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"பூங்காவுக்கு இடமே வேணாம், பணமா வாங்கிக்குங்கன்னு உங்க சங்கம்தானே எழுதியிருக்கு?"

எங்கள் லெட்டர் பேடு. என் கையெழுத்து. ஏழு கோரிக்கைகளில் எங்களுடையது ஏழாவது, அதுவும் ஒன்றரை வரி. மூன்றாவது கோரிக்கைதான் அவர்களுக்கு முக்கியம். இதைப் புரிந்துகொள்ள விதியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாலை போக மிச்சமுள்ள நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொது இடமாக விட வேண்டும். மொத்தப் பரப்பு 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் இடமாகத்தான் கொடுத்தாக வேண்டும். அந்தப் பெரிய மனைப்பிரிவுகளுக்கும் பணம் கட்டும் வசதி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மனை விற்பவருக்கு அது லாபம். வாங்கிக் குடியிருப்பவனுக்குப் பிள்ளை விளையாட இடம் போச்சு. இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு நிற்கிறோம்!

தானப்பத்திரம் கொடுத்த பூங்காவுக்கும் அந்த மனுவுக்கும் சட்டப்படி சம்பந்தமே இல்லை. ஆனால் எங்கள் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது. பொதுக்குழு கூட்டி, அந்த மனு எங்கள் தீர்மானப்படி எழுதப்பட்டதல்ல என்று எழுதி, அது போன அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பூங்காவைச் சுற்றி வேலி போட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சந்தாவை நிறுத்தியவர்களில் சிலர் இன்றைக்கும் என்னிடம் பேசுவதில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான்.

மனை விற்பவர்களோடு சேரவே கூடாது என்று சொல்லவில்லை. வரன்முறைக் கட்டணத்தில் அவர்களும் நாமும் ஒரே பக்கம்தான். அந்த ஒரு கோரிக்கைக்கு மட்டும் சேருங்கள். அவர்கள் தாளில் அவர்கள் எழுதட்டும், உங்கள் தாளில் நீங்கள் எழுதுங்கள், இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகக் கொண்டு போய்க் கொடுங்கள். ஒரே மனுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் முழு வாசகமும் செயற்குழுவில் படிக்கப்பட வேண்டும். தீர்மான எண்ணும் தேதியும் மனுவில் ஏற வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. ஒப்புகைச் சீட்டோடு நகல் அன்றைக்கே உங்கள் ஃபைலுக்கு வந்துவிட வேண்டும். "நம்ம மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள்.

## வாடகைதாரரை எதிரியாக்குவது

ஓசூரில் வீட்டு உரிமையாளர்கள் கூடினால் முதலில் எழும் புலம்பல் வாடகைச் சட்டம். 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. 11 மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய நினைப்பு இதில் செல்லாது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர. கடைசி வரியைப் படிக்காமல், பெங்களூர் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் வாங்கச் சட்டத்தைத் திருத்து என்று மனு எழுதிய சங்கத்தை எனக்குத் தெரியும். அந்த மனுவைப் பார்த்த சிப்காட் தொழிலாளர் ஒருவராவது அப்புறம் அவர்களோடு சேர்ந்து நிற்பாரா?

குடிநீருக்கு வாடகைதாரர்கள்தான் நமக்கு நல்ல துணை. ஃப்ளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறிய ஜில்லாக்கள் நம்முடையவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டும், ஊர் ஓரத்து மனைப்பிரிவுகளுக்குக் குழாய் தானாக வந்துவிடாது. எங்கள் தெருவுக்குக் கேட்டுப் போனபோது வீட்டுக்காரர்களை விட வாடகைக்கு இருக்கும் பெண்கள்தான் அதிகம். காலிக் குடங்களோடு வந்தார்கள். லெட்டர் பேடை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

## அரசாணை வந்த பிறகு கூட்டாளி தேடுவது

2022 சொத்துவரி உயர்வில், சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கு 100. அதற்கப்புறம்தான் வியாபாரிகளைத் தேடி ஓடினோம். அவர்கள் தங்கள் 100-ஐக் குறைக்கத் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கீழே கடை, மேலே வீடு வைத்திருப்பவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்தார். 2018 உயர்வு இப்படி இல்லை. வீட்டுக்காரர், வாடகைதாரர், கடைக்காரர் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள், உள்ளாட்சித் தேர்தல் வேறு நெருங்கியது. 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள்.

மாஸ்டர் பிளான், அதாவது எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம், அதன் வரைவும் அப்படித்தான். ஆட்சேபனைக்குச் சட்டம் தரும் குறைந்தபட்ச அவகாசம் இரண்டு மாதம். வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைத் தேடிப் பிடிக்கவே அதில் பாதி போய்விடும்.

## கட்சிக்காரரைக் கௌரவத் தலைவராக்குவது

வேண்டாம். எந்தக் கட்சியும்.

## திங்கட்கிழமை போட்டோ

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கும் படம் வாட்ஸ்அப்புக்கு நன்றாக இருக்கும். மனு பெரும்பாலும் நீங்கள் யார்மேல் புகார் சொன்னீர்களோ அந்த அலுவலகத்துக்கே போய்ச் சேரும்.

## ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாதது

1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்துவிட்டு, மாவட்டப் பதிவாளருக்கு வருஷா வருஷம் கணக்கு கொடுக்காத சங்கத்தோடு கூட்டு சேராதீர்கள். அப்படிப்பட்ட சங்கமாக நீங்களும் இருக்காதீர்கள்.

கொடுத்த இரண்டு தாளையும் திருப்பிக் கேட்டு, தம்பிகளை என் எதிரிலேயே புரமோட்டர்ஸ் சங்கத்துக்குப் போன் போட வைத்தேன். "நாளைக்குத் தர்றோம்" என்றார்கள் அந்தப் பக்கம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது ஒரு தாள்தான்.