தொட்டிச் செடியில் பறக்கும் குட்டிப் பூச்சி எந்த இனம்? கண்டுபிடிக்கும் முறை

தொட்டியில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) காயாமல் கிடந்தால் போதும், 2 முதல் 4 மி.மீ. அளவில் கறுப்புப் பூச்சிகள் கிளம்பிவிடும். ஃபங்கஸ் நாட் என்பார்கள். போனில் எடுத்த படத்தைப் பார்த்து இனத்தைச் சொல்பவரை நம்பாதீர்கள்.

முதலில் ஆண் பூச்சி வேண்டும். வயிற்று நுனியில் இடுக்கி மாதிரி இருந்தால் ஆண். கூராக முடிந்தால் பெண். மஞ்சள் ஒட்டும் அட்டையில் பிடித்தால் கால் பிய்ந்துவரும். சின்னக் குப்பியால் மூடிப் பிடித்து, 70% ஆல்கஹாலில் போடுங்கள்.

அடுத்து தலை. உணர்கொம்புகளுக்கு மேலே இரண்டு கண்களும் பாலம் போட்டதுபோல் சேர்ந்திருந்தால் சியாரிடே குடும்பம், அதாவது நாம் தேடும் ஃபங்கஸ் நாட். உணர்கொம்பில் 16 கணுக்கள் இருக்கும். உணர்கொம்பு குட்டையாகவும் இறக்கையில் வெள்ளைப் புள்ளிகளும் இருந்தால் அது ஷோர் ஃப்ளை என்ற வேறு ஈ, அதோடு விட்டுவிடலாம்.

பேரினத்துக்கு முன்னங்காலின் டிபியா (தொடைக்கு அடுத்த நீண்ட கணு) நுனியை உட்பக்கமாகப் பாருங்கள். மயிர்கள் சீப்புப் பல்லாக ஒரே வரிசையில் நின்றால் பெரும்பாலும் பிராடிசியா. காளான் குடிலில் தொல்லை தரும் லைகோரியெல்லாவில் அவை வரிசை கட்டாமல் கொத்தாக இருக்கும். யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் இதெல்லாம் தெரியாது. 400 மடங்கு காட்டும் பழைய மாணவர் மைக்ரோஸ்கோப்பே மேல்.

சிக்கல் வால் நுனியில்தான். அதை வெட்டி 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓரிரவு ஊறவிடுங்கள் (கையுறை கட்டாயம்). சதை கரைந்து கூடு மட்டும் மிஞ்சும். தண்ணீரில் அலசி, ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரினில் வையுங்கள். உடனே கவர்ஸ்லிப்பை (மேலே மூடும் மெல்லிய கண்ணாடி) அமுக்கினால் இடுக்கி நசுங்கி விரியும். முட்கள் இடம் மாறித் தெரியும். நான்கு மூலைக்கும் கண்ணாடிச் சில்லு முட்டுக் கொடுத்துவிட்டு மூடுங்கள். இடுக்கியின் நுனிப் பல், அதன் அருகிலுள்ள முட்கள், அவற்றின் எண்ணிக்கை, அமைந்த இடம்: இனத்தைப் பிரிப்பவை இவைதான். வரைந்து வைத்துக்கொண்டு விளக்கப் படங்களோடு ஒப்பிடுங்கள். பழைய நூல்களில் பிராடிசியா டிஃபார்மிஸ் என்றிருந்தால் குழம்ப வேண்டாம். அது இப்போது பிராடிசியா இம்பேஷியன்ஸ்.

பின்சேர்க்கை: ஆணே சிக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். மண்மேல் உருளைக்கிழங்கு வில்லை வையுங்கள். அடியில் சேரும் கருந்தலைப் புழுக்களை ஈரமண்ணோடு டப்பாவில் வளர்க்கலாம். ஆனால் பிராடிசியா கோப்ரோஃபிலா போன்றவற்றில் ஒரு தாயின் குஞ்சுகள் முழுக்கப் பெண்ணாகவே வரலாம். அதனால் இரண்டு மூன்று தொட்டிகளிலிருந்து எடுங்கள்.