இரண்டு வூஃபர், ஒரு ட்வீட்டர்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் சவுண்டு சரியில்லை என்று என்னிடம் வரும் பெட்டிகளைத் திறந்தால், நான் கற்றுக்கொண்ட நாட்களில் செய்த அதே கோளாறுகள் உள்ளே இருக்கின்றன. வயர் உரசக்கூடாது, ஈயம் சரியாக ஒட்ட வேண்டும் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களைப் பார்ப்போம். வூஃபர் தாழ்ந்த ஒலிக்கு, ட்வீட்டர் உயர்ந்த ஒலிக்கு. ஒலியை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்தான் கிராஸோவர்.

வூஃபரை இரண்டாக்கிவிட்டு, கிராஸோவரை மாற்றாமல் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பணம் அதிகம் வீணாவது இதில்தான்.

அண்மையில் ஒரு தம்பி தான் கட்டிய டவர் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். ஆறரை அங்குல வூஃபர் இரண்டு, நடுவில் டோம் ட்வீட்டர். மரவேலை அத்தனை நேர்த்தி. “பேஸ் நல்லா வருதுண்ணா, பாடுறவங்க குரல்தான் உள்ளே போயிடுது” என்றார். ட்வீட்டர் ஏற்கெனவே எரிந்து புதிது போட்டிருந்தார். வூஃபரைக் கழற்றிப் பார்த்தேன். 8 ஓம் வூஃபர்கள் இரண்டும் பேரலலில் (பக்க இணைப்பில்). அவற்றுக்கு முன்னால் ‘8 ஓம்’ என்று அச்சிட்ட ரெடிமேட் கிராஸோவர்.

இரண்டு 8 ஓம் பேரலலில் சேர்ந்தால் 4 ஓம். கிராஸோவரில் வூஃபருக்கு முன்னால் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) உயர்ந்த ஒலியை எந்த ஹெர்ட்ஸில் வெட்டும் என்பது அதற்குப் பின்னால் எத்தனை ஓம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 8 ஓமுக்கு 2,500 ஹெர்ட்ஸில் வெட்ட சுமார் 0.5 மில்லிஹென்றி காயில் போதும். அதே காயிலுக்குப் பின்னால் 4 ஓம் வந்தால் 1,250 ஹெர்ட்ஸிலேயே வெட்டிவிடும். ட்வீட்டரோ 2,500-க்கு மேல்தான் முழுதாகப் பேசும். இடையில் ஒரு முழு ஆக்டேவ் (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் தூரம்) பள்ளம். காயிலோடு கண்டென்சரும் சேர்ந்த 12 டெசிபல் கிராஸோவரில் (ஒரு ஆக்டேவுக்கு 12 டெசிபல் குறைப்பது) கணக்கு வேறு: 2,500-இல் 3 டெசிபல் குறைய வேண்டியது 9 டெசிபல் குறையும். எப்படியானாலும் அடி விழுவது குரலுக்குத்தான்.

போதாததற்கு, பேரலலில் போட்டதால் பேஸ் ஒற்றை வூஃபரைவிட சுமார் 6 டெசிபல் கூடிவிடுகிறது. குரல் கேட்கவில்லையே என்று தம்பி ட்ரெபிளை முழுக்கத் திருகி, வால்யூமையும் ஏற்றியிருக்கிறார். ட்வீட்டர் எரிந்தது அதனால்தான். அவருடைய ஆம்ப்பின் பின்புறத்தில் ‘குறைந்தது 6 ஓம்’ என்று எழுதியிருக்கிறது. அது அடிக்கடி சூடாகி அணைந்ததற்கும் காரணம் இதே 4 ஓம்.

பேரலல்தான் வேண்டும் என்றால் 4 ஓம் தாங்கும் ஆம்ப் வாங்குங்கள், வூஃபர் பக்கத்துக் காயிலையும் கண்டென்சரையும் 4 ஓமுக்கு மறுபடி கணக்கிடுங்கள். சீரிஸ் (தொடர் இணைப்பு) என்றால் 16 ஓம். அதற்கும் கணக்கை மாற்றத்தான் வேண்டும்.

‘8 ஓம்’ என்பதே பெயரளவுதான். அந்த வூஃபர் மல்டிமீட்டரில் 6 ஓம் காட்டும். 2,500 ஹெர்ட்ஸில் 12 ஓம்கூட இருக்கும். சவுண்டு கார்டு, 100 ஓம் ரெசிஸ்டர், ஆர்இடபிள்யூ (REW) என்ற இலவச மென்பொருள் இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம். வூஃபரைப் பெட்டியில் பொருத்திவிட்டு அளங்கள். அளக்காமல் கிராஸோவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ட்வீட்டர் சேர்ந்தால் ஓம் பாதியாகும் என்று பயப்படுவது

ஆகாது. கிராஸோவர் இருக்கும்வரை வூஃபர் வேலை செய்யும் இடத்தில் ட்வீட்டர் கரண்ட் இழுப்பதில்லை. இதற்குப் பயந்து இரண்டையும் சீரிஸில் போட்டவர்கள் உண்டு.

பிளஸ், மைனஸைப் பார்க்காமல் இணைப்பது

இரண்டு வூஃபரில் ஒன்று தலைகீழாக இருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், 12 டெசிபல் கிராஸோவர் படங்கள் பலவற்றில் ட்வீட்டரைத் தலைகீழாகத்தான் காட்டியிருப்பார்கள். அது அச்சுப்பிழை இல்லை. அதைத் ‘திருத்தி’ இணைத்தால் வெட்டும் இடத்தில் பெரிய பள்ளம் விழும்.

வெவ்வேறு வூஃபர்களை சீரிஸில் போடுவது

வேண்டாம்.

காயில்களை ஒட்டி வைப்பது

தள்ளி வையுங்கள், ஒன்றை நிமிர்த்தி, மற்றதைப் படுக்க வையுங்கள்.

சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்

கிராஸோவரில் கூடாது. நான்-போலார் அல்லது ஃபிலிம் மட்டும்.