ரேட்டை மட்டும் பேசி முடிக்கிறோம்: பேரத்தில் நாம் செய்யும் தவறுகள்

சேலத்துக்காரருக்குப் பேரம் பேசக் கற்றுத்தர யாரும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. லீ பஜாரில் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் நிற்பவர்கள் நாம். செவ்வாய்பேட்டையில் கொலுசுக் கூலியைப் பேசி முடிப்பதற்குள் இரண்டு ரவுண்டு டீ வந்துவிடும். ஆனால் இத்தனை சாமர்த்தியமும் ரேட் என்ற ஒரே இடத்தில் போய்க் குவிந்துவிடுகிறது. பணம் எத்தனை நாளில் வரும், லாரி வாடகை யார் தலையில், டேமேஜ் வந்தால் யார் பொறுப்பு, யாருடைய மெஷினில் அளப்பது என்பதெல்லாம் "அப்புறம் பார்த்துக்கலாம்" கணக்கில் சேர்ந்துவிடும். பெரும்பாலும் காசு ஒழுகுவது அந்த "அப்புறம்" வழியாகத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இளம்பிள்ளைப் பக்கம் தறி வைத்திருப்பவர் ஒருவர், சேலை 600 ரூபாய் என்று 500 சேலைக்கு ஆர்டர் பேசுகிறார். வாங்க வந்தவர் சேலைக்கு 15 ரூபாய் குறைக்கச் சொல்கிறார். தறிக்காரர் இழுத்துப் பிடித்து, 5 ரூபாய்தான் குறைப்பேன் என்று நின்று ஜெயித்துவிடுகிறார். அதில் அவர் காப்பாற்றியது 5,000 ரூபாய். எழுந்து போகும்போது வந்தவர், "வழக்கம்போல தொண்ணூறு நாள்தானுங்களே" என்கிறார். இவரும் தலையாட்டிவிடுகிறார். நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் இவர் பணம் புரட்டுவது மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு என்று வைத்துக்கொள்வோம். 2,97,500 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி ஏறக்குறைய 13,400. அரைமணி நேரம் போராடி 5,000 ரூபாயைக் காப்பாற்றியவர், ஒரு தலையாட்டலில் 13,400 ரூபாயை விட்டுவிட்டார்.

நாள் பேசக் கூச்சப்படுகிறவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவர், எழுதி ஒப்புக்கொண்ட கெடுவாக இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதத்துக்கு மாதம் வட்டிக்கு வட்டியாக. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பொருள் செய்கிறவர், சேவை தருகிறவர் ஆகியோருக்குத்தான். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும்.

இதை எடுத்த எடுப்பில் "சட்டம் இருக்கு தெரியுமா" என்று வீசினால் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தறிக்குப் போய்விடும். "பில்லுல நாப்பத்தஞ்சு நாள்னு போடச் சொல்லி எங்க ஆடிட்டர் சொல்றாருங்க. உங்களுக்கும் மார்ச் கணக்குல செலவா ஏறிடும்" என்று, ரேட் பேசும்போதே, அதே மூச்சில் சொல்ல வேண்டும். ரேட் முடிந்தபிறகு நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் அது புதுப் பஞ்சாயத்து ஆகிவிடும். இரண்டையும் சேர்த்துப் பேசினால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கலாம்.

கிழங்கைப் பிடுங்கிவிட்டு விலை கேட்பது

ஆத்தூர், தலைவாசல் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் செய்துவிடுகிறார்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். லோடு ஏற்றிய வண்டி ஜவ்வரிசி மில் வாசலில் நிற்கும்போது பேசுவதைப் பேரம் என்று எப்படிச் சொல்வது? எதிரே இருப்பவருக்கு உங்கள் கடிகாரம் தெரிகிறது. மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்குக்குக் கொஞ்சம் பொறுமை உண்டு. இரண்டு மில்லில் விசாரித்து, ஒரு விலையை உறுதி செய்துகொண்டு, பிறகு ஆளைக் கூப்பிட்டுப் பிடுங்குவதுதான் முறை. பெரிய மழை வந்தால் மாவுச்சத்து இறங்கிவிடும் என்பதால் அந்தப் பொறுமைக்கும் அளவு உண்டு.

இங்கேயும் அதே ரேட் மயக்கம்தான். கிழங்குக்கு விலை, அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்ட்டை வைத்து. பாயிண்ட்டுக்கு 300 ரூபாய், கிழங்கு 28 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால் டன் 8,400 ரூபாய். பாயிண்ட்டுக்குப் பத்து ரூபாய் ஏற்றச் சொல்லி நாள் முழுக்க மல்லுக்கட்டி வாங்கினால் டன்னுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 280 ரூபாய். அளக்கும்போது ஒரே ஒரு பாயிண்ட் குறைத்துச் சொன்னால் போவது 300 ரூபாய். ஆகவே முதலில் பேச வேண்டியது, எந்த மூட்டையிலிருந்து கிழங்கை எடுத்து அளப்பார்கள், அளக்கும்போது நாம் பக்கத்தில் நிற்கலாமா, சந்தேகம் வந்தால் மறுபடி அளப்பார்களா என்பதைத்தான். இதைக் கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. நல்ல மில்காரர் தானே கூப்பிட்டுக் காட்டுவார்.

ஏற்காட்டுக் காப்பிக்காரர் நிலைமை இதற்கு நேர் எதிர். காய்ந்த பார்ச்மென்ட்டை, அதாவது உள்தோல் நீக்காத காப்பிக் கொட்டையை, பத்திரமாக மூட்டை கட்டி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். காத்திருக்கும் பலம் அவரிடம் இருக்கிறது. ஆனால் பறிப்புக் காலத்தில் வாராவாரம் கூலி கொடுத்தாக வேண்டும் என்பதால் முதல் லாட்டையே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். கூலிக்கு வேண்டிய அளவை மட்டும் விற்று மீதியை வைத்துக்கொண்டால் அடுத்த பேச்சின் சூடே வேறாக இருக்கும். 1990-கள் வரை மலையில் இந்தத் தலைவலியே இல்லை. விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். 1996-க்குள் அந்தக் கட்டாயம் முழுக்க விலகியது. அன்றிலிருந்து தோட்டக்காரரே பேரக்காரரும் ஆக வேண்டியிருக்கிறது. "மார்க்கெட் ரொம்ப டல்லுங்க" என்று வாங்குகிறவர் சொன்னால் நம்பவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். அராபிக்காவுக்கு உலகம் பார்ப்பது நியூயார்க் சந்தை விலையை. அது உங்கள் கைபேசியிலேயே தெரியும். பார்த்துவிட்டு உட்காருங்கள்.

"நீங்களே ஒரு விலை சொல்லுங்க"

முதல் விலையை யார் சொல்வது என்பதில் நம் ஊரில் ஒரு மூடநம்பிக்கை உண்டு: முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான். எப்போதும் அப்படி இல்லை. 1974-ல் டிவெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை வருகிறது. எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10-லோ 65-லோ மட்டுமே நிற்கும்படி செட்டப். பிறகு, ஐ.நா. சபையில் இருக்கும் நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்பார்கள். 10 பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 25. 65 பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் மனதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சந்தை விலை உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள், காரணத்தோடு. தெரியாத சரக்கு, தெரியாத ஊர் என்றால் அவர் சொல்லட்டும். ஆனால் அவர் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் கணக்கிலிருந்து தொடங்குங்கள். வெள்ளிக் கொலுசுக்காரர்கள் இதில் கெட்டி. வெள்ளி விலை அன்றைய மார்க்கெட், அதில் பேச ஒன்றுமில்லை என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டு, டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துப் பேசுவார்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால் மொத்தத்திலும் கை வைப்பார்கள்.

விலை சொன்னபிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் யோசிக்கும் அந்த நான்கு விநாடி தாங்காமல் "வேணும்னா கொஞ்சம் பார்த்துக்கலாங்க" என்று நாமே குறைத்துவிடுகிறோம். கேட்காமலே.

இன்னொன்று, நான்கு பேர் இருக்கும் இடத்தில் கடைசி விலையைச் சொல்லாதீர்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய பெரியவர்கள் அதைச் சும்மா செய்யவில்லை. ஒருவருக்குக் கொடுத்த விலை எல்லோருக்கும் கொடுத்த விலை ஆகிவிடக் கூடாது. இன்று அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் ரேட் போடுகிறோம்.

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்"

நடுவில் முடிப்பது நியாயம் போலத் தெரியும். 600 ரூபாய் சேலைக்கு ஒருவர் 540 என்று தொடங்கினால் நடு 570. அவரே 480 என்று தொடங்கியிருந்தால் நடு 540. அநியாயமாகத் தொடங்குகிறவருக்குத்தான் நடு பரிசு கொடுக்கிறது. யார் நல்ல மனதோடு நியாயமான விலையில் தொடங்கினாரோ அவர் நஷ்டப்படுகிறார். நடுவுக்கு வரச் சொன்னால், "நடுவெல்லாம் இல்லீங்க, என் அடக்கம் இது" என்று கணக்கைக் காட்டுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இறங்குவதற்கு ஒரு விலை வையுங்கள்: 580-க்கு வரேன், பணம் முப்பது நாளில். இல்லையென்றால், 580-க்கு வரேன், லாரி வாடகை உங்களுடையது. ஒன்றும் வாங்காமல் இறங்கினால், முதலில் சொன்னது பொய் விலை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இறங்கும் படிகளும் சின்னதாகிக்கொண்டே வர வேண்டும். முதலில் பத்து, பிறகு ஐந்து, பிறகு இரண்டு. பத்து பத்தாக இறங்கினால் அடியில் இன்னும் படி இருக்கிறது என்றுதான் அவர் நினைப்பார்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து…"

கம்பெனியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னால் எட்டு நிமிடம் தாத்தா வருகிறார். பிறகு ஃபேக்டரி போட்டோ, விருது வாங்கிய போட்டோ, மந்திரியோடு எடுத்த போட்டோ. பவர்பாயிண்டில் எழுதியதையே திரும்பிப் பார்த்து வாசிப்பது தனி. வாங்க வந்தவருக்குத் தாத்தாமேல் கோபம் ஒன்றும் இல்லை. அவர் தன் கவலைக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம். நாம் பாயசத்துக்குப் பிடியளவு போடுகிறோம். மகாராஷ்டிரத்தில் விரத நாள் என்றால் சாபுதானா கிச்சடிதான் சாப்பாடு. புனே வியாபாரிக்குத் தெரிய வேண்டியது மூன்று நான்குதான்: ஊறவைத்தால் குழையுமா, உதிரியாக நிற்குமா, மூட்டையில் நொய் எவ்வளவு, நவராத்திரிக்கு முன்னால் சரக்கு வந்து சேருமா. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான், ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். அதற்குப் பதில் ஒரு பிடி ஜவ்வரிசியை முந்தின ராத்திரியே ஊறவைத்து, டப்பாவில் எடுத்துப் போய் அவர் கையில் கொட்டிக் காட்டினால், இருபது ஸ்லைடு செய்யாததை அது செய்யும்.

ஆனால் காட்டும் சாம்பிள் அனுப்பப்போகும் லாட்டிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். பொறுக்கி எடுத்த முத்துகளைக் காட்டி ஆர்டர் வாங்குவது எளிது. மாம்பழக் கூடையில் மேலே மல்கோவாவும் கீழே சொத்தையும் வைத்து ஒருமுறை விற்கலாம். வெளிமாநிலத்துக்காரர் திருப்பி அனுப்பும் ஒரு லாரியின் போய்வரும் வாடகை, அந்த ஆர்டரின் லாபத்தை மட்டும் தின்றுவிட்டு நிற்காது.

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்"

இதைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று எடுத்துக்கொள்கிறோம். பல சமயம் அது உண்மை. கடையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர் மகன். முடிவெடுக்கிற அப்பா ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் கேட்பார். அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். உங்கள் சரக்கை உங்களுக்காக விற்க வேண்டியவர் அந்தப் பையன். நாற்பது நிமிடம் கேட்டதை அவர் நாற்பது விநாடியில் சொல்வார். பாதி மறந்திருக்கும், மீதியில் விலை மட்டும் நிற்கும். "எவ்வளவாம்?" "அறுநூறு." "ஜாஸ்தி, வேண்டாம்னு சொல்லு." முடிந்தது.

அதனால் மகனிடம் நன்றாகப் பேசுவது பாதி வேலைதான். அப்பா கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதிலை ஒரே தாளில், தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவு பெரிய எழுத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். இப்போது வாங்குவதைவிட எதில் மிச்சம், முதலில் எவ்வளவு எடுத்தால் போதும், பிடிக்காவிட்டால் என்ன. முடிந்தால், "அப்பா இருக்கிற நேரமா பத்து நிமிஷம் வரட்டுங்களா தம்பி?" என்று கேளுங்கள். மகனை ஓரங்கட்டுவது போல மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாளைக்கு அந்த கல்லாவில் உட்காரப்போவது அவர்தான்.

பேசி முடித்ததை எழுதாமல் வருவதும் இதே வகைதான். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், "எழுதிக் கேட்கிறானே" என்ற சங்கடமும் வேண்டாம். பஸ் ஏறுவதற்குள் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று போனால் போதும்: "வணக்கம்ங்க. இன்னிக்குப் பேசினபடி 500 சேலை, ஒண்ணு 580. லாரி வாடகை உங்களுது. சரக்கு ஐப்பசி 5-ந் தேதிக்குள்ள வந்துரும். பணம் சரக்கு சேர்ந்து 30 நாள்ல. டேமேஜ் இருந்தா 7 நாளைக்குள்ள போட்டோ அனுப்பிச் சொல்லிருங்க, மாத்தித் தரேன். ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க." அவர் ஒரு கட்டைவிரலைத் தட்டி அனுப்பிய பிறகு நூலுக்கு ஆர்டர் கொடுங்கள்.